செம்மண் தடங்களில் சைக்கிளும் நடையும்: கேள்வி பதில்

கேள்வி (லாசுப்பேட்டை): மலையே இல்லாத புதுச்சேரியில் மலைச் சைக்கிள் வாங்கியது வீண் செலவு என்று வீட்டில் கூறுகிறார்கள். உண்மைதானா?

பதில்: மலை இல்லைதான், மேடு இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து குயிலாப்பாளையம் பக்கம் திரும்பியதும் ஏறத் தொடங்கும் செம்மண் மேட்டில்தான் ஆரோவில் காடுகள் உள்ளன. நகரத்திலிருந்து ஏறக்குறைய 10 கிலோமீட்டர் என்பதால் சைக்கிளிலேயே போய்வரலாம். அங்கே ஏற்றத்தைவிடத் தரைதான் சோதிக்கும். இறுகிய மண்ணின்மேல் மிளகளவு செம்புறாங்கல் சரளை உருண்டு கிடப்பதால், வளைவுக்குள் நுழைந்தபின் முன் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் வழுக்கிவிடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர்): ஐப்பசி மழை விட்ட மறுநாள் ஆரோவில் காட்டுக்கு ஓட்டச் சென்றபோது, காட்டைப் பராமரிக்கும் ஒருவர் சைக்கிளை விட்டு இறங்கி நடக்கச் சொன்னார். இது நியாயமா?

பதில்: நியாயமே. 1968-இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது அந்த மேட்டின் பெரும்பகுதி மரமற்ற பொட்டலாக இருந்தது. பழைய காடு அழிந்து, மேய்ச்சலும் மிகுந்த நிலத்தில், வடகிழக்குப் பருவமழை மேல்மண்ணை அரித்துக் கடலில் சேர்த்துக்கொண்டிருந்தது. அந்த அரிப்பு விட்டுச்சென்ற ஆழமான செம்மண் பள்ளங்கள் இன்றும் இருக்கின்றன. ஆகவே மரம் நடுவதோடு நில்லாமல், பெய்த மழை பெய்த இடத்திலேயே நிலத்துக்குள் இறங்கும்படி வரப்புகளையும் எழுப்பினார்கள். நீங்கள் ஓட்டும் ஒற்றையடிப் பாதைகளில் சில அந்த வரப்புகளின்மேலேயே செல்கின்றன. ஈர வரப்பில் நடப்பவரின் காலடி தனித்தனிக் குழிகளாகவே பதியும். டயரோ அறுபடாத ஒரு கோட்டைக் கீறிச் செல்லும். அடுத்த மழையில் நீர் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓட, கோடு வாய்க்காலாகி, ஓரிடத்தில் வரப்பே உடைந்துவிடும். டயரில் மண் ஒட்டுகிறதென்றால் அன்று ஓட்ட வேண்டாம் என்பதே என் அளவுகோல். மார்கழி பிற்பாதி முதல் மாசி வரை தரையும் வெயிலும் ஒருசேர ஒத்துழைக்கும்.

கேள்வி (வில்லியனூர்): ஒவ்வொரு முறையும் பஞ்சர் ஆகிறது. புது ட்யூப் போட்டும் பயனில்லை.

பதில்: சீமைக்கருவேல முள்ளாக இருக்கலாம். அதன் முனை டயருக்குள் ஒடிந்து நின்றுவிட்டால், புது ட்யூபையும் அதுவே குத்தும். டயரின் உட்புறத்தில் பழைய பருத்தித் துணியைச் சுற்றிலும் தேய்த்துப் பாருங்கள். முள் இருக்குமிடத்தில் நூல் சிக்கும்.

கேள்வி (காலாப்பட்டு): கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குள் சைக்கிள் ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். சாலையோரத்தில் நிறுத்திவிட்டு நடந்து செல்லுங்கள். இக்கடற்கரையில் ஒருகாலத்தில் பரவியிருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் எஞ்சிய துண்டுகளில் அதுவும் ஒன்று. காயா, வீரை போன்ற மரங்கள் கோடையிலும் இலை உதிர்க்காமல் நிற்பதை அங்கே பார்க்கலாம். இவை மிக மெதுவாக வளர்பவை. புதர்களுக்கிடையே சக்கரம் புதுத் தடம் போட்டால், நசுங்கும் கன்றுகளுக்கு ஈடு கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகும். பனிக்காலத்தில் மாலை ஆறு மணியளவில் இக்கடற்கரைக் காடுகளில் ஆறுமணிக்குருவி கத்துவதுண்டு. சைக்கிளில் விரைபவருக்கு அது கேட்காது.

கேள்வி (பாகூர்): பத்து வயது மகனுடன் நடக்க விரும்புகிறோம். பாம்பு பயம் உண்டா?

பதில்: கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் இப்பகுதியில் உண்டு. சருகுக்குள் கை விடாமல், மூடிய காலணியுடன், வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். கடிபட்டால் கட்டுப் போடாமல், அறுக்காமல், காலை அசைக்காமல் நேரே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லவேண்டும்.

கேள்வி (மஞ்சக்குப்பம்): கடலூருக்குப் பக்கத்திலேயே இடமில்லையா?

பதில்: கேப்பர் மலைப் பக்கத்திலும் செம்மண் மேடுதான். ஆனால் முந்திரித் தோப்புகளுக்கு உரியவர்கள் உண்டு, கேட்டுக்கொண்டு நுழையுங்கள். காய் பறிக்கும் மாதங்களில் அந்தப் பக்கமே போகாமலிருப்பது நல்லது.