பகலில் பட்டினி, ராத்திரி அடுக்களை

கேள்வி: வயசு 38, எடை 84 கிலோ. ஒன்றரை வருசமா சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கேன். எடையக் குறைக்கணும்னு காலையில ஒரு பவுடரக் கலக்கிக் குடிக்கேன். மத்தியானம் வெள்ளரிக்காயும் மோரும்தான். சாயங்காலம் வரைக்கும் எப்படியோ தாக்குப்புடிச்சிருதேன். பிள்ளைகள் படுத்த பொறவு அடுக்களைக்குள்ள போனா மிச்சச் சோறு, மிக்சர், பிஸ்கட், அல்வா எதுவும் மிஞ்சாது. வயிறு வலிக்க வலிக்கத் தின்னுதேன், நிப்பாட்ட முடியல. வாரத்துல நாலு நாள் இப்படி, நாலஞ்சு மாசமா. மறுநாள் வெறும் தண்ணியோட கெடக்கேன். வாயைக் கட்ட ஏதாவது மாத்திரை இருக்கா? (பாளையங்கோட்டை வாசகி)

பதில்:

சகோதரி, ராத்திரியைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கோளாறு பகலில் இருக்கிறது. காலையில் குடிக்கிற பவுடர் பெரும்பாலும் 200 கலோரி அளவுதான் இருக்கும். வெள்ளரிக்காயும் மோரும் சேர்ந்தாலும் 100-ஐத் தாண்டாது. நடுத்தர வயதுப் பெண்ணின் உடம்புக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,800 முதல் 2,000 கலோரி வேண்டும். நீங்கள் பொழுது சாயும்வரை 300 கொடுத்துவிட்டு நிறுத்துகிறீர்கள். மிச்சத்தை உடம்பு ராத்திரி வட்டியும் முதலுமாக வசூலிக்கிறது. இதில் உங்கள் மன உறுதிக்கு எந்தக் குறையும் இல்லை.

இது இன்று நேற்று தெரிந்த சங்கதியும் இல்லை. 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்துப் பார்த்தார்கள். பிறகு சாப்பாடு தாராளமாகக் கிடைத்தபோது அவர்களில் பலர் வயிறு புடைத்தும் நிறுத்த முடியாமல் தின்றார்கள். அதுவரை அவர்களுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. பட்டினி போட்ட உடம்பு அப்படித்தான் நடந்துகொள்ளும், அது மினசோட்டாவானாலும் மேலப்பாளையமானாலும்.

அடுத்த விஷயத்துக்குப் போகுமுன் உங்கள் சர்க்கரை மாத்திரை அட்டையை எடுத்து, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். மெட்பார்மின் மட்டும் இருந்தால் பெரிய பயமில்லை. கூடவே க்ளிமிபிரைடு, க்ளிக்ளசைடு, க்ளிபென்கிளமைடு இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலோ, நீங்கள் இன்சுலின் போட்டாலோ கதையே வேறு. அந்த மருந்து நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது. இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். மத்தியானம் வெள்ளரிக்காயோடு நிறுத்தினால் நாலு, ஐந்து மணிக்கோ ராத்திரியிலோ சர்க்கரை தாழ்ந்துவிடும். கை நடுங்கும், வேர்க்கும், நெஞ்சு படபடக்கும், கண் மங்கும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். கூடவே ஒரு வெறிப்பசி வரும். அந்தப் பசி சபலம் கிடையாது. மூளை உயிர் பிழைக்கப் போடுகிற கூச்சல் அது. அதை அடக்கிக்கொண்டு உட்காருவது ஆபத்து.

அந்த நேரத்தில் வீட்டில் சர்க்கரை பார்க்கிற கருவி இருந்தால் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியோ சர்க்கரையோ தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு 15 நிமிடம் உட்காருங்கள். மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை அதே அளவு. ஏறிய பிறகு இரண்டு இட்லி. கருவி இல்லாமல் நடுக்கமும் வேர்வையும் மட்டும் தெரிந்தாலும் இதையே செய்யுங்கள். இனிப்புத்தானே என்று அல்வாவை எடுக்காதீர்கள். அதிலுள்ள நெய், சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். பிஸ்கட்டும் அப்படித்தான். நடுக்கம் நிற்கும்வரை தின்றுகொண்டே இருப்பீர்கள், அதற்குள் கால் கிலோ போயிருக்கும். மாத்திரை அட்டையில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் என்றும் இருந்தால் சீனியும் கருப்பட்டியும்கூட அவசரத்துக்கு உதவாது, குளுக்கோஸ் பொடி மட்டுமே உதவும். சாதாரணச் சர்க்கரையைக் குடல் உடைப்பதைத்தான் அந்த மருந்து தடுக்கிறது. நினைவு தப்பினவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும் என்பதை வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

இதைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும்? ராத்திரி தின்றதில் காலைப் பரிசோதனையில் சர்க்கரை 250, 300 என்று நிற்கும். டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார். கூட்டிய மாத்திரையில் மறுநாள் சாயங்காலம் இன்னும் கீழே விழும், ராத்திரி இன்னும் தின்பீர்கள். மாத்திரை மாதாமாதம் கைக்கு வந்துவிடுகிறது. எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள், எந்த வேளையை விடுகிறீர்கள் என்ற கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. இரண்டு நிமிடத்தில் ஒரு நோயாளி என்று வரிசை நகர்ந்தால் கேட்க நேரம் ஏது? 'வாயைக் கட்டுங்க, நடங்க' என்று சொல்லி அனுப்புவதை ஆலோசனை என்று கணக்கில் எழுதுகிறார்கள். ஆகவே நீங்களே சொல்லுங்கள்: 'மத்தியானம் சாப்பிடாமல் இருந்தேன், இனிமேல் மூன்று வேளையும் சாப்பிடப் போகிறேன், ராத்திரி மொத்தமாகத் தின்றுவிடுகிறேன், மாத்திரை அளவைப் பாருங்கள்.' தானாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.

இப்போது அந்தப் பவுடர். யாரிடம் வாங்கினீர்கள் என்று எழுதவில்லை, எழுதத் தேவையும் இல்லை. தெருவுக்கு ஒரு 'கோச்' இருக்கிறார். காலை ஆறு மணிக்கு ஒரு அறையில் கூட்டி, கால் வைத்து நிற்கிற மெஷினில் ஏற்றி, 'உங்க உடம்பு வயசு 56' என்று பயமுறுத்துவார்கள். அந்த மெஷின் உடம்புக்குள் மெல்லிய மின்சாரத்தை விட்டு, தண்ணீர் அளவை வைத்துக் கொழுப்பைக் கணக்குப் போடுகிறது. இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினாலே எண் மாறும். முதல் வாரத்தில் மூன்று கிலோ குறைந்தது என்று கைதட்டுவார்கள். மாவுச்சத்தைக் குறைத்தால் ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைத்த கிளைக்கோஜன் தீரும். ஒரு கிராம் கிளைக்கோஜனோடு மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கும், அதுவும் வெளியேறும். குறைந்தது பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி குறைய வேண்டும், ஒரு வாரத்தில் மூன்று கிலோ கரைவதற்கு வழியே இல்லை. கோச்சுக்கு வருமானம் டப்பா விற்பதிலும், அடுத்த ஆளைச் சேர்த்துவிடுவதிலும் வருகிறது. உங்கள் ராத்திரி அவருடைய கவலை கிடையாது. தின்றுவிட்டேன் என்று சொன்னால் 'கட்டுப்பாடு பத்தல' என்பார், இன்னொரு டப்பாவை நீட்டுவார். மூன்று மாதப் பணத்தை முன்னாலேயே கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். ரசீது தராத இடத்தில் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

பசியை அடக்க மூலிகை மாத்திரை என்று சீல் இல்லாத டப்பாவில் விற்பவர்களிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். சிபுட்ரமின் என்ற பசியடக்கி மருந்தை மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து எடுத்தார்கள், அடுத்து இந்தியாவிலும் தடை வந்தது. அதை ரகசியமாகக் கலந்த 'மூலிகை' மாத்திரைகள் பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன. எடை குறைய என்று இப்போது பேசப்படுகிற வாராந்திர ஊசியையும் தெரிந்த மெடிக்கலில் சொல்லி வாங்கிப் போட வேண்டாம். பேதி மாத்திரையும் அப்படித்தான்: தின்ற சோறு பெருங்குடலுக்கு வருமுன்பே சத்து உறிஞ்சப்பட்டுவிடும், போவது தண்ணீரும் பொட்டாசியமும்தான்.

சரி, என்ன செய்வது? அடுத்த ஆறு வாரத்துக்கு எடை குறைக்கும் எண்ணத்தை ஒதுக்கி வையுங்கள். இதைச் சொன்னால் பலருக்கும் மனசு ஒப்பாது. ஆனால் ராத்திரித் தீனி நிற்காமல் எடை குறையாது, பட்டினி நிற்காமல் ராத்திரித் தீனி நிற்காது. இந்த வரிசையை மாற்ற முடியாது.

மூன்று வேளை சாப்பாடு, நடுவே இரண்டு சிறு தீனி. இரண்டுக்கும் இடையே நான்கு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. பசிக்கவில்லை என்றாலும் மணி பார்த்துச் சாப்பிடுங்கள், ஏனென்றால் பல மாதம் பட்டினியும் தீனியுமாகப் புரண்ட உடம்பில் பசி சரியான நேரத்தைக் காட்டாது. காலை எட்டரைக்கு மூன்று இட்லி, சாம்பார், ஒரு அவித்த முட்டை. பதினொன்றுக்கு மோரும் ஒரு கொய்யாவும். ஒன்றரைக்கு ஒன்றரைக் கப் சோறு, ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு அல்லது உள்ளங்கை அளவு மீன், இரண்டு கரண்டி அவியலோ பொரியலோ. சொதி வைக்கிற நாளில் சொதியும் ஊற்றிக்கொள்ளலாம், தேங்காய்ப் பாலுக்குப் பயந்து வெறும் ரசத்தோடு எழுந்திருப்பதுதான் தப்பு. நாலரைக்கு ஒரு கிண்ணம் சுண்டல், அல்லது ஒரு கைப்பிடி வேர்க்கடலை. இந்த நாலரை மணித் தீனியைத்தான் எல்லோரும் முதலில் விடுவார்கள், ராத்திரியைக் காப்பாற்றுவதும் அதுதான். ஏழரைக்கு இரண்டு தோசையோடு சாம்பாரும் முட்டையும், அல்லது உளுந்தஞ்சோறு ஒரு கப், எள்ளுத் துவையல். படுக்குமுன் ஒரு தம்ளர் பால், சீனி இல்லாமல். கருப்பட்டி போட்டால் சர்க்கரை ஏறாது என்று உடன்குடிப் பக்கம் சொல்வதை நம்ப வேண்டாம், அதிலும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான்.

ராத்திரி ஏழரைச் சாப்பாடு முடிந்த கையோடு மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். பழையதாகக் காலையில் வீட்டில் யாராவது சாப்பிடட்டும். பாத்திரம் கழுவுகிற நேரத்தில் நின்றுகொண்டே சட்டியிலிருந்து அள்ளித் தின்பதுதான் பெரும்பாலான ராத்திரித் தீனிக்குத் தொடக்கம், 'வீணாப் போயிருமே' என்ற நினைப்பு அதற்குத் துணை. எது சாப்பிட்டாலும் தட்டில் எடுத்து, உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஒரே ஒரு சட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியும் அந்த உந்துதல் வரும். வரும்போது முதலில் அது சர்க்கரைத் தாழ்வா என்று மேலே சொன்னபடி பாருங்கள். இல்லையென்றால் கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம் தள்ளிப் போடுங்கள். அலை மாதிரி ஏறி, தானாகத் தணியும். அந்த நேரத்தில் அடுக்களையிலும் டிவி முன்னாலும் இருக்காதீர்கள். பல் தேய்த்துவிட்டு மொட்டை மாடிக்குப் போங்கள், அக்காவுக்கோ மதினிக்கோ போன் போடுங்கள். 20 நிமிடம் கழித்தும் வேண்டும் என்றால் ஒரு தட்டில் எடுத்துச் சாப்பிடுங்கள், அதில் தோல்வி எதுவும் இல்லை.

சில ராத்திரி மீறித் தின்றுவிடுவீர்கள். மறுநாள் காலை எட்டரைக்கு அதே மூன்று இட்லி. தண்ணீரோடு கிடக்கிற அந்த ஒரு நாள்தான் அடுத்த தீனிக்கு விதை போடுகிறது. மறுநாள் மெஷினில் ஒன்றரைக் கிலோ கூடக் காட்டும், அது உப்பும் மாவுச்சத்தும் பிடித்து வைத்த தண்ணீர், இரண்டு மூன்று நாளில் வடியும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் எடை பாருங்கள், மற்ற நாளில் மெஷின் பீரோவுக்கு மேலே இருக்கட்டும்.

அல்வாவைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஊரில் இருந்துகொண்டு அல்வாவை ஜென்மத்துக்கும் தொட மாட்டேன் என்று சபதம் எடுத்தால் அது ஒரு வாரம்கூடத் தாங்காது. 'இனி கிடையாது' என்று நினைத்த மறுநிமிடம் 'அப்போ இதுதான் கடைசி' என்று அரைக் கிலோ உள்ளே போகும். விருந்தாளிக்கு என்று வாங்கி ஃபிரிட்ஜில் வைப்பதை நிறுத்துங்கள், வெளியூர்க்காரர் கிளம்புகிற அன்று வாங்கிக் கொடுங்கள். உங்களுக்கு வாரம் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின், மற்றவர்களோடு உட்கார்ந்து 50 கிராம். அன்று சோற்றில் அரைக் கப் குறையட்டும். மிக்சரும் சேவும் கிலோக்கணக்கில் டின்னில் நிரப்ப வேண்டாம், சிறு பொட்டலமாக வாங்குங்கள்.

வாரம் ஒரு முறையாவது, மூன்று மாதமாக, கட்டுப்பாடு தப்பி ஏராளமாகத் தின்கிற நிலையை மனநல மருத்துவம் ஒரு நோயாகவே வைத்திருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் 2013 முதல் அதற்குத் தனி இடம் உண்டு. நீங்கள் எழுதியிருப்பது அந்த அளவைத் தாண்டுகிறது. மேலே சொன்னதை ஆறு வாரம் செய்தும் வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் நடந்தால் காத்திருக்காதீர்கள். தின்றபின் விரல் விட்டு வாந்தி எடுத்தாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளத் தோன்றினாலோ ஆறு வாரமும் வேண்டாம், அன்றே போங்கள். வாந்தியால் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சொந்தக்காரர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற தயக்கம் இருந்தால் முதலில் 14416-ஐக் கூப்பிடுங்கள், அரசின் இலவச மனநல எண் அது, எந்த நேரமும் தமிழில் பேசலாம். இதற்கென்றே உள்ள பேச்சுச் சிகிச்சை 16 முதல் 20 அமர்வு வரை போகும். தனியாரிடம் போனால் உளவியலாளரிடம் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் கேளுங்கள், உண்மையானவர் கோபப்பட மாட்டார். உணவு ஆலோசகர்களையும் பதிவுக்குள் கொண்டுவரும் சட்டம் 2021-லேயே வந்துவிட்டது. இருந்தும் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம் என்ற நிலை மாறவில்லை என்பதால்தான் இவ்வளவும் சொல்ல வேண்டியிருக்கிறது.

டாக்டரிடம் போகும்போது இரண்டு பொருள் கையில் இருக்கட்டும். ஒன்று, மாத்திரை அட்டை. இன்னொன்று, இன்றைக்கே தொடங்க வேண்டிய ஒரு நாற்பது பக்க நோட்டு: எத்தனை மணி, என்ன சாப்பிட்டேன், எங்கே நின்று அல்லது உட்கார்ந்து, அதற்கு முன் மனசு எப்படி இருந்தது, நடுக்கம் வேர்வை உண்டா. கலோரி எழுத வேண்டாம். தைராய்டு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, ரத்த அளவு (ஹீமோகுளோபின்) மூன்று பரிசோதனையையும் கேட்டுப் பாருங்கள்.