சீன, கொரிய, ஜப்பானியப் பழைய இலக்கியம் படிக்க எங்கே தொடங்கலாம்?

அனேகமாக நீங்களும் என்னைப் போல நாடகத் தொடர் பார்த்து, அப்புறம் அந்த மொழிமேல் ஆசை வந்து, இந்தக் கேள்வியில் வந்து நிற்பவர் என்று நினைக்கிறேன். வெட்கப்பட ஒன்றுமில்லை. என் வீட்டில் எனக்கு இன்னமும் 'கொரியன் சீரியல் பைத்தியம்' என்றுதான் பெயர்.

முதலில் நான் செய்த தப்பு. பெரிய பெயராக இருக்கிறதே என்று 'கெஞ்சி கதை' என்ற ஜப்பானிய நாவலில் போய் விழுந்தேன். முரசாகி ஷிகிபு என்ற அரண்மனைப் பெண் 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியது, 54 அத்தியாயம். ஆட்களைப் பெயர் சொல்லியே அழைக்க மாட்டார்கள். பதவி, குடியிருக்கும் மாளிகை, இப்படித்தான். பதவி உயர்ந்தால் அழைக்கும் பெயரும் மாறிவிடும். நான் எடுத்த ஆங்கில மொழிபெயர்ப்பும் அதை அப்படியே விட்டிருந்தது. யாருக்கு யார் என்ன உறவு என்று நோட்டுப் போட்டு எழுதிப் பார்த்து, ஒன்பதாம் அத்தியாயத்தில் மூடி வைத்துவிட்டேன். நாவல் மோசம் என்று சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். முதல் படியாக அது சரிப்படாது, அவ்வளவுதான்.

என்னை இழுத்துப் போட்டது மூன்றே அடிப் பாட்டு ஒன்று. அப்போது ஒரகடம் பக்கம் ஒரு கொரியக் கார் உதிரிபாகக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளர் வேலை. மறுநாள் ஆடிட். ராத்திரி பதினொன்றாகியும் ரிப்போர்ட் முடியவில்லை. "இந்த ராத்திரி நீண்டுகொண்டே போகிறதே" என்று கொரிய மொழியில் முனகினேன். எங்கள் புஜாங்னிம், அதாவது துறை மேலாளர், சிரித்தே நான் பார்த்திராத மனிதர், தலை நிமிராமல் ஒரு பாட்டைச் சொன்னார். பள்ளியில் மனப்பாடம் செய்ததாம். கையில் இருந்த தாளின் பின்பக்கத்தில் எழுதியும் கொடுத்தார்.

16-ஆம் நூற்றாண்டில் கொரியாவின் கேசோங் நகரில் வாழ்ந்த ஹ்வாங் ஜினி என்ற கிசெங், ஆடல் பாடல் கற்ற பெண், பாடியது அது. என் தமிழில்:

குளிர்மாத நெடிய இரவை இடுப்போடு வெட்டியெடுத்து
வசந்தக்காற்றுப் போர்வைக்கடியில் சுருள்சுருளாய்ச் சுருட்டி வைத்து
அவர் வரும் நாளின் இரவில் மடிப்பு மடிப்பாய் விரிப்பேன்.

மூலத்திலும் 'ஸொரிஸொரி', 'குபிகுபி' என்று சொல் இரட்டித்துத்தான் வரும். ஆங்கிலத்தில் இது தட்டையாகிவிடுகிறது. தமிழில் கொஞ்சமாவது நிற்கிறது. (இலக்கணப்படி இது இரட்டைக்கிளவி இல்லை என்று திருத்த வருபவர்களுக்கு: தெரியும்.) இந்த வகைக்கு சிஜோ என்று பெயர். மூன்று அடி, அடிக்கு நான்கு சீர். கிட்டத்தட்ட நம் சிந்தியல் வெண்பா அளவு. வாய்வழியாகப் பாடியதை 1728-இல்தான் ஒரு தொகுப்பில் சேர்த்தார்கள்.

மன்னர் செஜோங் 1446-இல் கொரிய எழுத்தை வெளியிட்ட பிறகும் படித்த ஆண்கள் சீனத்தில்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஜப்பானிலும் இதே கதை, ஜப்பானிய எழுத்து பெண்களுக்கானது என்று வைத்திருந்தார்கள். 935 வாக்கில் கி நோ ட்சுராயுகி என்ற அதிகாரி தன் பயண நாட்குறிப்பை ஜப்பானிய எழுத்தில் எழுத, ஒரு பெண் எழுதுவதுபோல் எழுத வேண்டியிருந்தது!

சீனத்துக்கு 8-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் து ஃபூ போதும். 756-இல் கலகக்காரர்கள் பிடித்த தலைநகர் சாங்ஆனில் சிக்கிக்கொண்டு நிலவைப் பார்க்கிறார். ஆனால் கவிதையில் நிலவைப் பார்ப்பது தொலைவில் இருக்கும் மனைவி. பக்கத்திலிருக்கும் பிள்ளைகளுக்கு அப்பாவை நினைத்து ஏங்கும் வயதுகூட இல்லை. ஆக, ஒரு சிஜோ, ஒரு து ஃபூ, அப்புறம் ஜப்பானிய ஹைக்கூ கவிஞர் பாஷோவின் பயணக் குறிப்புகள். கெஞ்சி கடைசியில்.

சொல்ல மறந்தேன், அந்தக் கம்பெனியில் வீட்டு வாசல் வரை வேன் என்று சொல்லித்தான் வேலைக்கு எடுத்தார்கள். ராத்திரி ஒரு மணிக்கு மெயின்ரோட்டில் இறக்கிவிட்டுப் போவார்கள். கேட்டால் ஓவர்டைம் காசு தருகிறோமே என்பார்கள். அதுவும் மூன்று மாதம் கழித்து வரும். புஜாங்னிம் எழுதிக் கொடுத்த தாளும் ரிப்போர்ட்டோடு ஃபைலில் போய்விட்டது. செல்போனில் எடுத்த படம் மட்டும் இருக்கிறது, ஓரத்தில் நான் கிறுக்கிய வேன் நம்பரோடு.