மான்சர் ஏன் குதிக்கவில்லை?

அன்புள்ள ஐயா,

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படை விமானியாக இருந்த லெஸ்லி மான்சர் டெல்லியில் பிறந்தவர் என்று அறிந்து அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். 1942 மே 30 இரவு ஜெர்மனியின் கொலோன் நகர்மீது குண்டுவீசிவிட்டுத் திரும்பும் வழியில், 20 வயதில் இறந்திருக்கிறார். குதிக்கச் சொல்லி நீட்டிய பாராசூட்டை வேண்டாமென்று மறுத்தாராம். விமானம் அடிபட்ட உடனேயே எல்லோரும் குதித்திருந்தால் ஏழு பேரும் பிழைத்திருப்பார்களே? இது வீரமா, வீம்பா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

கடைசியில் அவர் குதிக்காததற்குக் காரணம் எளிது: குதிக்க முடியாது.

அவர் ஓட்டியது அவ்ரோ மான்செஸ்டர் என்ற குண்டுவீச்சு விமானம். அத்தனை பெரிய விமானத்துக்கு இரண்டே என்ஜின், ரோல்ஸ்ராய்ஸ் வல்ச்சர். 12 சிலிண்டர் என்ஜின்கள் இரண்டை ஒரே கிராங்க் ஷாஃப்டில் கோத்து 24 சிலிண்டராக்கியது. எண்ணெய் சரியாக எட்டாமல் பேரிங் போகும், சூடேறும், தீப்பிடிக்கும். ஒன்று நின்றால் மற்றொன்றை நம்பி உயரத்தில் நீடிக்க முடியாது. அந்த ஜூனிலேயே மான்செஸ்டரைப் போர்ப்பணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். இறக்கையை நீட்டி நான்கு மெர்லின் என்ஜின் பொருத்தியதும் அதே விமானம்தான் லங்காஸ்டர் என்ற குண்டுவீச்சு விமானம் ஆனது.

அன்று அவருக்கு நின்றது இடது என்ஜின். இடது என்ஜின் நின்றால் வலது என்ஜினின் இழுப்பு மூக்கை இடப்பக்கம் திருப்பும். விமானி வலது காலால், வாலிலுள்ள சுக்கானைத் திருப்பும் பெடலை மிதித்தபடியே இருக்கவேண்டும். சுக்கானுக்கு வலு தருவது எதிர்க்காற்று. வேகம் பாதியானால் அந்த வலு கால்வாசிதான். ஓரளவுக்குக் கீழே போனால் பெடலை அடிவரை மிதித்தும் பயனில்லை, இடது இறக்கை சாய்ந்து விமானம் புரளும். காலை எடுத்தாலும் அதே கதி. பாராசூட்டை மார்பு வாரின் கொக்கிகளில் மாட்டி, எழுந்து, திறப்புவரை வர நேரம் வேண்டாமா? இன்னும் சில விநாடிதான் பிடித்துவைக்க முடியும், உடனே குதி என்று, பாராசூட்டை நீட்டிய சார்ஜன்டிடம் சொல்லியிருக்கிறார். அது வசனமல்ல, கணக்கு.

வீம்பா என்ற கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்லவேண்டும். 7,000 அடியில் தேடுவிளக்குகளில் சிக்கிய நிலையிலேயே குண்டு போட்டார்கள். பீரங்கிகளிடமிருந்து தப்ப 1,000 அடிக்கும் கீழே இறங்கினார். பின்பக்கத் துப்பாக்கி வீரருக்குக் காயம், முன்னறையில் புகை. அங்கிருந்து 2,000 அடிக்கு ஏற்றினார். அப்போதுதான் இடது என்ஜின் பற்றியது. தீ அடங்கப் பத்து நிமிடம் ஆயிற்று.

அவருக்கு அளித்த விக்டோரியா கிராஸ், பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருது. அதன் குறிப்பு, விமானத்தைக் காப்பாற்ற அவர் முயன்றதைப் புகழ்கிறது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. பெரிது அந்த 2,000 அடி. அந்த உயரத்தைச் செலவழித்துத்தான் கொலோனுக்குச் சுமார் 90 கி.மீ. மேற்கே, பெல்ஜியத்தின் பிரே ஊர்ப்பக்கம் வரை வந்தார்கள். கொலோனருகே குதித்திருந்தால் உயிர் தப்பியவர்களுக்குச் சிறைமுகாம்தான். பெல்ஜியத்தில் ஒளித்துவைக்க ஆளிருந்தது. குதித்த ஆறு பேரில் ஒருவர்தான் பிடிபட்டார். மற்ற ஐவரும் பிரான்ஸ், ஸ்பெயின், ஜிப்ரால்டர் வழியாக இங்கிலாந்து சேர்ந்தார்கள். அவர்களின் சாட்சியத்தால்தான் அக்டோபரில் விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது.

அன்றிரவு கிளம்பிய 1,047 விமானங்களில் 41 திரும்பவில்லை. விருதுகளை எண்ணி வீரத்தை அளக்காதீர்கள். சாட்சி சொல்ல ஒருவரும் மிஞ்சாத விமானங்களுக்கு யார் விருது கேட்பது? அவர்களையும் தேட நினைத்தால் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏ.ஐ.ஆர். 27 வரிசையில் தொடங்குங்கள். படைப்பிரிவுவாரியான நடவடிக்கைப் பதிவேடுகள் அவை. மான்சருடையது 50ஆம் படைப்பிரிவு.