கனடாவில் வினிப்பெக்கிலிருந்து கால்கரிக்குக் காரில் போனால் வழியெல்லாம் வெறும் சமவெளிதான் என்கிறார்கள். விமானத்திலேயே போய்விடலாமா?

ஒன்றாம் எண் நெடுஞ்சாலையை விட்டு இறங்க மாட்டீர்கள் என்றால், தாராளமாக விமானத்தில் போங்கள். ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர். கிளம்பிய மூன்றாவது மணி நேரத்திலேயே என் மகள், “அப்பா, கார் ஓடுகிறதா, நிற்கிறதா?” என்று கேட்டாள்.

கேள்வியில் நியாயம் இருந்தது. மணிக்கு 110 கிலோமீட்டரில் போயும், தொலைவில் தெரிந்த எலிவேட்டர் கிட்டவே வரவில்லை. எலிவேட்டர் என்றால் மின்தூக்கி அல்ல. தானியத்தை மேலே ஏற்றிச் சேமித்து, ரயில் பெட்டியில் கொட்டுவதற்கான உயர்ந்த கிடங்கு. குதிரை வண்டியில் கோதுமை கொண்டுவரும் விவசாயி இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டுமே என்று, ரயில் பாதை நெடுகப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒன்றாக எழுப்பினார்கள். 1930களில் 5,000க்கும் மேல் இருந்தன. பிறகு லாரிகள் வந்தன, கிளைப் பாதைகள் மூடப்பட்டன, மரக் கிடங்குகளில் பெரும்பாலானவை இடிக்கப்பட்டன. மிச்சமிருக்கும் சிலவற்றில் ஊர்ப் பெயர் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. சில இடங்களில் ஊரைத்தான் காணோம்.

இவற்றைப் பார்க்கக் கிளைச் சாலையில் இறங்க வேண்டும். 1871இல் தொடங்கிய நில அளவையில், இந்தச் சமவெளியை ஒரு மைல் சதுரங்களாகக் கட்டம் போட்டுவிட்டார்கள்; மண் சாலைகள் அந்தக் கோடுகளின் மேல்தான் ஓடுகின்றன. வழி தவறினாலும் ஒரே கைப்பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் பழைய இடத்துக்கே வந்துவிடலாம்.

மழை பெய்திருந்தால் மட்டும் இறங்காதீர்கள். வழியில் வரும் ரெஜைனா நகரின் சுற்றுவட்டாரத்துக் களிமண்ணைக் ‘கம்போ’ என்பார்கள். நான் கோவில்பட்டிக் கரிசலில் வளர்ந்தவன். ஈரக் கரிசலில் வண்டியை விடக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் விட்டேன். பூத்துக் கிடந்த கனோலா (கடுகு இனத்து எண்ணெய் வித்து) வயல் அப்படி, கண்ணுக்கு எட்டிய மட்டும் மஞ்சள். சக்கரத்தில் மண் அப்பி, கார் அசைய மறுத்துவிட்டது. முக்கால் மணி நேரம் கழித்து ஒரு விவசாயி டிராக்டரில் வந்து இழுத்துவிட்டார். பணம் வாங்கவில்லை. “இங்கே பார்க்க என்ன இருக்கிறதென்று வந்தீர்கள்?” என்று மட்டும் கேட்டார். அவரும் உங்கள் கட்சிதான்.

மூஸ் ஜா என்ற ஊரின் பெரிய மூஸ் மான் சிலைக்கு ஐந்து நிமிடம் போதும். அதைத் தாண்டிச் சாப்ளின் ஏரியில் நேரம் செலவிடுங்கள். ஜூலை வெயிலில் கரையோரம் வெள்ளை வெளேரென்று குவியல்கள். மகள் பனி என்றே நினைத்துவிட்டாள். சோடியம் சல்பேட், சலவைத் தூளில் சேர்ப்பது. அந்த உப்பு நீரில் மேயத்தான் வலசைப் பறவைகள் கூட்டங்கூட்டமாக இறங்குகின்றன.

போவதென்றால் ரெஜைனாவில் ஓர் இரவு தங்குங்கள். பாதி டேங்க் ஆனதுமே பெட்ரோல் போட்டுவிடுங்கள், அடுத்த பங்க் எங்கே வரும் என்று சொல்ல முடியாது. இன்னொன்று, நீங்கள் போவது மேற்கே. மாலை வெயில் நேரே கண்ணில் குத்தும், கோடையில் அது ஒன்பது மணி வரை அடங்காது. ஏழு மணிக்கே எங்காவது நிறுத்திச் சாப்பாட்டை முடித்துக்கொள்வது நல்லது.