காலைப் படகில் போங்கள், மதியமே திரும்புங்கள்

கேள்வி: எங்கள் நகரத்துக் கரையிலிருந்து படகில் அரை மணி நேரத்தில் ஒரு சிறு தீவு இருக்கிறது. கோடை விடுமுறையில் ஒரு நாள் போய்வர ஆசை. நான்கு பெரியவர்கள், 5 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள். பெரியவர்களில் ஒருவர் என் அம்மா. அவருக்கு 68 வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார், முழங்கால் வலியும் உண்டு. தீவில் கடை கிடையாது, நிழலும் கொஞ்சம்தான் என்கிறார்கள். காலை 10 மணிப் படகில் போய், மாலை 6 மணிக் கடைசிப் படகில் திரும்பலாம் என்று இருக்கிறோம். எவ்வளவு தண்ணீர் எடுத்துப் போக வேண்டும்? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: தண்ணீர்க் கணக்கு இருக்கட்டும், முதலில் படகு நேரத்தை மாற்றுங்கள். 10 மணிக்குப் போய் 6 மணிக்குத் திரும்பினால், நாளின் மிகக் கடுமையான வெயில் முழுவதையும் நிழல் இல்லாத மணலில் கழிப்பீர்கள். 7 மணி வாக்கில் போய் 1 மணி வாக்கில் கிளம்பினாலும் ஆறு மணி நேரம் கிடைக்கிறது. குளிக்க, சுற்றிப் பார்க்க, சாப்பிட அது தாராளம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதற்கு மேல் பொறுமையும் இருக்காது.

மதியமே திரும்பச் சொல்வதற்கு இன்னொரு காரணம் காற்று. வெயில் ஏற ஏற, நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகும். நிலத்தின் மேலுள்ள காற்று மேலே எழும்ப, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து காற்று ஓடி வரும். பெரும்பாலான கரைகளில் இந்தக் கடற்காற்று முற்பகலின் கடைசியில் தொடங்கி, பிற்பகலில் உச்சத்துக்குப் போகும். காலையில் தகடு மாதிரி கிடந்த தண்ணீர் மாலையில் படகைத் தூக்கிப் போடுவது இதனால்தான். நீரோட்டம் ஒரு பக்கமும் காற்று அதற்கு எதிராகவும் வந்தால் அலை குட்டையாக, செங்குத்தாக எழும்பும். வாந்தி வருவதும் அப்போதுதான். ஆகவே, வரும்போது ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்துத் திரும்பும் பயணத்தைக் கணக்குப் போடாதீர்கள். வயிற்றைப் பிரட்டும் என்று தெரிந்தவர்கள் படகின் நடுவிலோ பின்பக்கத்திலோ உட்கார்ந்து, தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டு வரட்டும். போனைப் பார்த்தால் இன்னும் மோசமாகும்.

கடைசிப் படகை மட்டும் நம்பி எந்தத் தீவுக்கும் போகக் கூடாது. கூட்டம் அதில்தான் சேரும், காற்று மிகுந்தால் முதலில் நிறுத்தப்படுவதும் அதுதான். முன்னதைத் தவறவிட்டால் அடுத்தது ஒன்று இருக்க வேண்டும்.

தேதியை முடிவு செய்யும்போது ஏற்ற வற்ற அட்டவணையையும் பாருங்கள். பல கரைகளில் நாளுக்கு இரண்டு முறை நீர் ஏறி இறங்கும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிடம் இடைவெளி. அதனால் ஒவ்வொரு நாளும் நேரம் 50 நிமிடம் போலத் தள்ளிப்போகும், போன வாரம் போனவர்கள் சொன்ன நேரம் உங்களுக்கு உதவாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம்.

இது உங்கள் அம்மாவின் முழங்காலுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம். படகுத்துறை அசையாத கல்மேடை என்றால், ஏற்றத்தின்போது மேடைக்குச் சமமாக நிற்கும் படகு, வற்றத்தின்போது ஒரு மீட்டரோ அதற்கு மேலோ கீழே போய்விடும். காலையில் சும்மா கால் வைத்து இறங்கியவர், திரும்பும்போது ஏணியிலோ பாசி பிடித்த படியிலோ இறங்க வேண்டியிருக்கும். தீவில் மிதக்கும் மேடை இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். இல்லையென்றால், ஏறுவதும் இறங்குவதும் நடு நீர்மட்டத்துக்கு மேல் இருக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். ஏறும்போது பைகளை முதலில் கை மாற்றிவிட்டு, இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். படகு அலையில் மேலே வரும் கணத்தில் கால் எடுத்து வைக்க வேண்டும். குதிக்கவே கூடாது.

நீர் வற்றும்போது தீவின் ஓரத்தில் மணல்திட்டு தெரியும், அதில் நடந்து பக்கத்துப் பாறைக்குப் போகலாம் போலத் தோன்றும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நீர் ஒரே வேகத்தில் திரும்பி வருவதில்லை. ஏற்றத்தின் ஆறு மணி நேரத்தில் முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஏறும். இரண்டாவதில் இரண்டு பங்கு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மூன்று மூன்று பங்கு. 'இப்போதுதானே ஏற ஆரம்பித்தது' என்று நிற்கும்போதே இடுப்பளவு வந்துவிடும். நீர் முழுதாக வற்றும் நேரத்துக்குள் கரைக்குத் திரும்பிவிடுங்கள்.

இனி தண்ணீர். வெயிலில் நடந்து, குளித்து, உட்கார்ந்து கழிக்கும் நாளில் பெரியவருக்கு மணிக்கு அரை லிட்டர், பிள்ளைக்குக் கால் லிட்டர் என்று வையுங்கள். நான்கு பேருக்கு ஆறு மணி நேரத்துக்கு 12 லிட்டர், பிள்ளைகளுக்கு 3. படகு தாமதமானால் என்று இன்னொரு 3. புண், கண், கை கழுவ 2. ஆக 20 லிட்டர், அதாவது 20 கிலோ சுமை. ஒரே கேனில் கொண்டு போகாதீர்கள். அது சாய்ந்தாலோ உடைந்தாலோ எல்லாம் போயிற்று. 2 லிட்டர் பாட்டில்களாக எல்லார் பையிலும் பிரித்து வையுங்கள். மூன்றில் ஒரு பங்கை முதல் நாளே உறைய வையுங்கள். உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும் என்பதால் பாட்டிலை முக்கால் அளவு மட்டும் நிரப்புங்கள். குளிர்பெட்டியில் உறைந்த பாட்டில்களை மேலே அடுக்குங்கள், குளிர்ந்த காற்று கீழ்நோக்கி இறங்கும். குடிக்கும் தண்ணீரை அந்தப் பெட்டியில் வைக்க வேண்டாம். பிள்ளைகள் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை திறந்தால், பதினோரு மணிக்குள் சாப்பாடு சூடாகிவிடும். சமைத்த உணவு, பால், முட்டை, இறைச்சி சேர்ந்தவை 32 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில் வெளியே ஒரு மணி நேரம்தான் தாங்கும்.

உப்பும் போகிறது என்பதை மறக்காதீர்கள். உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு இருக்கட்டும். அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். கண்ணளவில் பாதி போட்டு, டம்ளரில் கலக்குவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. பொட்டலம் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்குத் தட்டையாக ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

நிழலில் ஒரு சின்ன சூட்சுமம் உண்டு. காலையில் மரத்தின் நிழல் மேற்கே விழும். எல்லாரும் அங்கேதான் துணி விரிப்பார்கள். வெயில் ஏறியதும் அது மரத்தடிக்குச் சுருங்கி, பிறகு கிழக்கே நகரும். பதினோரு மணிக்கு ஆறு பேரும் மூட்டைகளோடு இடம் மாற வேண்டாம் என்றால், முதலிலேயே தண்டுக்கு அருகில் அமர்ந்து, கிழக்குப் பக்கம் இடம் விட்டு வையுங்கள்.

மரம் இல்லையா? 3 மீட்டருக்கு 3 மீட்டர் வெளிர்நிறத் தார்ப்பாய் போதும். காற்று வரும் பக்கத்தைத் தாழ்த்திக் கட்டி, மற்ற பக்கங்களைத் திறந்து விடுங்கள். மூடிய கூடாரம் வெயிலில் அடுப்பாகிவிடும். முளைக்குச்சி மணலில் நிற்காது. ஒரு துணிப்பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்தால் அசையாது. கடற்கரைக் குடை கொண்டு போவதை நாங்கள் சொல்ல மாட்டோம். சரியாகப் புதையாத குடையைக் கடற்காற்று பிடுங்கி எறியும், அதன் கம்பி முனை ஆளைக் குத்தும்.

காற்று குளிர்ச்சியாக வீசுவதால் தோல் எரிவது தெரியாது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாகிவிட்டால், வெயிலின் புற ஊதாக்கதிர் கடுமையாக இருக்கிறது என்று பொருள். தண்ணீருக்குள் நின்றாலும் அது உள்ளே வரும். சன்ஸ்கிரீன் பூசினால் ஒரு பெரியவருக்கு முழு உடம்புக்கு 35 மில்லி, ஏழு தேக்கரண்டி வரை ஆகும். விரல்நுனியில் தொட்டுத் தடவுவதற்குப் பெயர் பூசுவது இல்லை. இரண்டு மணிக்கு ஒரு முறையும், குளித்தெழுந்த பிறகும் மறுபடி பூச வேண்டும். இதைவிட முழுக்கைச் சட்டையும் அகல விளிம்புத் தொப்பியும் மேல். ஈரமான மெல்லிய பருத்தி கதிரை அதிகம் உள்ளே விடும் என்பதால், குளித்த சட்டையோடு வெயிலில் உட்கார விடாதீர்கள். காது, பிடரி, புறங்கால் மூன்றும் எப்போதும் விட்டுப்போகும் இடங்கள்.

அம்மாவின் மாத்திரையில் சிறுநீரை அதிகம் போகச் செய்யும் மருந்து இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இருந்தால் அன்றைய வேளையை எப்படி எடுப்பது, எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்த வேண்டாம். வயதானவர்களுக்குத் தாகம் தாமதமாகத்தான் தெரியும். கழிப்பிடம் இல்லை என்று குடிப்பதையும் குறைத்துக்கொள்வார்கள். ஆகவே கேட்டுக் கொடுக்காமல், அரை மணிக்கு ஒரு முறை டம்ளரை நீட்டிவிடுங்கள். தலைவலி, குமட்டல், கால் தளர்ச்சி என்றால் நிழலில் படுக்க வைத்து, காலை உயர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைசல் கொடுக்கலாம். பேச்சு குழறினாலோ, தள்ளாடினாலோ, இடம் புரியாமல் பேசினாலோ அது வெப்பத் தாக்குதல். உடனே அவசர எண்ணை அழைத்து, உடையை நனைத்து விசிறிக்கொண்டே இருங்கள். உறைந்த பாட்டிலைத் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள். அந்த நிலையில் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

குளிக்கும் இடத்துக்கு வருவோம். தீவின் முனைகளில் இரண்டு பக்கத்து நீரோட்டமும் சேர்ந்து வேகம் கூடும். அங்கே முழங்காலளவிலும் இறங்காதீர்கள். காற்றுக்கு மறைவான பக்கம் அலையில்லாமல் அமைதியாக இருக்கும். ஆனால் அங்கே காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. மிதவை வளையத்தில் உட்கார்ந்த பிள்ளை, நீங்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் கைக்கு எட்டாத தூரம் போய்விடும். வளையத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, உயிர்காப்பு அங்கியைக் கொண்டு போங்கள். போட்டபின் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். அங்கி காதுவரை ஏறினால் அளவு பெரிது. சின்னவனுக்கு இரு காலுக்கிடையில் கட்டும் பட்டை கட்டாயம். அலை உடையும் வரிசைக்கு நடுவே கறுத்து, அலையின்றித் தெரியும் பாதை இழுப்பு நீரோட்டமாக இருக்கலாம். அகப்பட்டால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாக நீந்தி வெளியேற வேண்டும். சொறிமீன் பட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். கடல்நீரிலேயே அலசி, இழைகளைக் குச்சியால் எடுங்கள்.

இடிச் சத்தம் கேட்டால் உடனே நீரை விட்டு வெளியேறுங்கள், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் இறங்காதீர்கள். தனி மரமும் மேடான பாறையும் அப்போது ஆகாது. சிக்னல் மெலிந்த இடத்தில் போன் கோபுரத்தைத் தேடித் தேடிச் சார்ஜைத் தீர்த்துவிடும். ஒன்றை மட்டும் விழிப்பில் வைத்து, மற்றவற்றை ஃபிளைட் மோடில் போடுங்கள். எந்தப் படகில் திரும்புகிறீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

1 மணிப் படகு என்றால் 12 மணிக்கே மூட்டை கட்டத் தொடங்குங்கள். ஆறு பேர் நனைந்த துணியோடும் குப்பைப் பையோடும் துறைக்கு வந்து சேர அவ்வளவு நேரம் ஆகும். தாமதத்துக்கென்று ஒதுக்கிய அந்த 3 லிட்டரை மணல் ஒட்டிய கால்களைக் கழுவ எடுத்துவிடாதீர்கள். நகரத்துத் துறையில் இறங்கிய பிறகு கழுவிக்கொள்ளலாம்.