தினமும் மீன் சமைத்தும் ரத்தம் ஏறவில்லையே?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகி: “என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். பல வருடமாகத் தினமும் ஒரு குவாட்டராவது குடிக்கிறார். பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9, எம்.சி.வி. 108, தட்டணு 85,000 என்று வந்தது. மெடிக்கலில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக் கொடுக்கிறேன், தினமும் மீனும் உண்டு. ஏன் ரத்தம் ஏறவில்லை?”

சகோதரி, எம்.சி.வி.யை முதலில் பாருங்கள். அது சிவப்பணுவின் பருமன். 80 முதல் 100 வரை இருக்கலாம். இரும்புச்சத்து குறைந்தால் அணு சிறுக்கும். இவருக்கோ பெருத்திருக்கிறது. குடிப்பவர்களிடம் இது அடிக்கடி பார்ப்பதுதான். ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையை மது நேரடியாகவே கெடுக்கிறது. சிவப்பணு உருவாகத் தேவையான ஃபோலேட் என்ற சத்தும் குறைகிறது.

மீனில் பி12 நிறைய, ஃபோலேட் கொஞ்சம்தான். அது கீரை, பருப்பு, பயறில் இருக்கிறது. ஒரு குவாட்டரிலேயே சுமார் 400 கலோரி; பசி அடங்கிவிடும். இரண்டு துண்டு மீனைத் தொட்டுக்கொண்டு படுப்பவருக்குக் கீரை எப்படி உள்ளே போகும்? போனாலும் குடல் சரியாக உறிஞ்சாது.

இரும்பு மாத்திரையை நீங்களாகத் தொடர வேண்டாம். குடிப்பவர்களின் ஈரலில் இரும்பு தேவைக்கு மேல் சேர்வதுண்டு. ஃபெரிட்டின் (உடலில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுவது), பி12, ஃபோலேட், ஈரல் பரிசோதனைகள், வயிற்று ஸ்கேன் ஆகியவற்றைப் பார்த்து டாக்டர் முடிவு செய்யட்டும். பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலம் (ஃபோலேட் மாத்திரை) மட்டும் கொடுத்தால், ரத்தம் ஏறினாலும் நரம்புப் பாதிப்பு மறைவாக வளரக்கூடும்.

ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு (பிளேட்லெட்) குறைவது மஜ்ஜையாலும் இருக்கலாம், ஈரல் கெட்டு மண்ணீரல் வீங்கியதாலும் இருக்கலாம். இந்த நிலையில் இடுப்பு வலிக்கு அவராக மாத்திரை போட்டால் வயிற்றில் ரத்தம் கசியலாம். மலம் தார்போலக் கறுத்தாலோ, ரத்த வாந்தி வந்தாலோ உடனே 108.

அப்புறம், நிறுத்துவது பற்றி. தினமும் குடித்தவர் சட்டென்று விட்டால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதன்பின் பிதற்றலும் வரலாம். அது நடுக்கடலில் நடந்தால் என்ன செய்வீர்கள்? ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே, அதைப் பயன்படுத்தலாம் என்பேன். அதற்காக அதுவரை குடிக்கட்டும் என்று விடாதீர்கள். டாக்டரை இப்போதே பாருங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம். தயமின் என்ற பி1 ஊசி அவருக்குத் தேவையா என்றும் கேளுங்கள்.

குடியால் மட்டும் குறைந்த தட்டணு, நிறுத்திய ஓரிரு வாரத்தில் ஏறத் தொடங்கும். சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அதனால் எம்.சி.வி. இறங்க மூன்று, நான்கு மாதம் ஆகும். ஒரு மாதத்தில் பார்த்துவிட்டு “ஒன்றும் குறையலையே” என்று அவரைத் திட்டிவிடாதீர்கள்.