கராஜ் கேள்வி: ஏன் இந்தக் காருக்கு வால் இல்லை?

(திருகோணமலை உப்புவெளியில் முப்பது வருடமாக ரிங்கரிங் வேலை, அதாவது கார் உடம்பின் நெளிவு எடுக்கிற வேலை, செய்பவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: பாவித்த ரொயோட்டா பிரியஸ் கார் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். என்ரை அவர், "வால் அறுந்த பல்லி மாதிரிக் கிடக்கு, உயரமான ஹொண்டா வெஸல்தான் வேணும்" என்று நிற்கிறார். பெற்றோல் மிச்சம் பிடிக்கிற காரை வடிவாகச் செய்ய இவர்களுக்குத் தெரியாதா?
– நிலாவெளி வாசகி

பதில்: தங்கச்சி, பல்லி என்றது சரியான பேச்சு. அந்த வால் வேண்டுமென்றே அறுக்கப்பட்டதுதான்.

காலையில் மீன் சந்தையில் ஒரு சூரையைத் தூக்கிப் பாருங்கள். முன்பக்கம் திரட்சி, பிறகு வால் வரைக்கும் மெல்ல மெல்ல ஒடுங்கும். காற்றுக்குப் பிடித்ததும் அந்த உருவம்தான். காரின் மூக்குத்தான் காற்றோடு மல்லுக்கட்டுகிறது என்று நினைக்கிறோம். வில்லங்கம் கூடுதலாக இருப்பது பின்னால். கூரையை ஒட்டி வந்த காற்று சட்டென்று விட்டுப் போனால், பின்னால் சுழல் கிளம்பிக் காரைப் பிடித்து இழுக்கும். கூரையை மெதுவாகச் சரித்தால் காற்று ஒட்டிக்கொண்டே இறங்கும்.

சரி, சூரை வால் அளவுக்கு நீட்டினால் அந்தக் காரை உள்துறைமுக வீதியில் எங்கே நிறுத்துவது? 1930களில் ஜேர்மனியில் வூனிபால்ட் காம் என்ற பொறியியலாளர் அதற்கு வழி கண்டார். சரித்துக்கொண்டே வந்து நடுவில் நறுக்கென்று வெட்டிவிட்டாலும் பலனில் பெரும்பகுதி கிடைக்கும். பிரியஸின் பின்பக்கமும் ஹொண்டா இன்சைற்றின் பின்பக்கமும் அண்ணன் தம்பி போல இருப்பது இதனால்தான். காற்று இரண்டு கம்பனிக்கும் ஒன்றுதானே.

உங்கள் அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அமெரிக்காவில் கிறைஸ்லர் கம்பனி 1934இல் எயர்ஃப்ளோ என்ற காரை விட்டது. காற்றுச் சுரங்கத்தில், அதாவது விசிறியால் காற்றடித்துப் பார்க்கிற கூடத்தில், வைத்துச் சோதித்து உருவாக்கிய கார். அந்தச் சோதனையில் ஒரு வேடிக்கையும் வெளிவந்தது: அந்தக் காலத்துப் பெட்டிக் கார்கள் முன்னுக்கு ஓடுவதை விட றிவேர்சில் ஓடினால் காற்றுத் தடை குறைவு! எயர்ஃப்ளோவில் லைற்றுகளை முகத்துக்குள்ளேயே புதைத்து, முன்பக்கத்தை வழித்துவிட்டார்கள். சனம் வந்து பார்த்தது, வாங்கவில்லை. அடுத்த வருடமே அவசரமாகக் கூர் கிறில் ஒன்றை மாட்டிப் பார்த்தார்கள். 1937உடன் கதை முடிந்தது. ஆனால் 1936இல் ரொயோட்டா விட்ட முதல் காரான ஏஏயைப் பாருங்கள், எயர்ஃப்ளோவின் சாயல் அப்படியே தெரியும்.

இனி உங்கள் கணக்கு. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 50இல் ஒரு பங்கென்றால் 100இல் நான்கு பங்கு. நிலாவெளியிலிருந்து ரவுணுக்கு, மாட்டுக்கும் ஓட்டோவுக்கும் பிரேக் அடித்து அடித்துப் போகிறவருக்குக் காற்று ஒரு பெரிய செலவே இல்லை. பிரியஸ் ஒரு ஹைபிரிட், பெற்றோல் எஞ்சினோடு மின் மோட்டரும் சேர்ந்து ஓட்டுகிற கார். அங்கே மிச்சம் பிடித்துத் தருவது அதன் ஹைபிரிட் பற்றரி. பிரேக் பிடிக்கிறபோது வீணாகிற சக்தியில் ஒரு பகுதியை அது சேமிக்கும். ஹைபிரிட் வெஸல் என்றால் நான் சண்டைக்கு வர மாட்டேன். மாரியில் ரோட்டில் தண்ணி நிற்கிற நாளில் அந்த உயரம் உதவும். வாராவாரம் கொழும்பு ஓட்டம் இருந்தால் பல்லியை எடுங்கள்.

கேள்வி: கார் அடியில் பிளாஸ்ரிக் கவர் ஒன்று தொங்கி ரோட்டில் உரசுகிறது. கழற்றி எறியச் சொல்கிறார்கள். எறியலாமா?
– கிண்ணியா வாசகர்

பதில்: எறியாதீர்கள். நானும் ஆரம்பத்தில் தேவையில்லாத சாமான் என்று கழற்றி எறிந்தவன்தான். ஒருநாள் காரை உயர்த்தி வைத்து அண்ணாந்து பார்த்தபோதுதான் விளங்கியது: சைலன்சர் குழாய், நட்டு, கம்பி என்று அடிப்பக்கம் முழுக்க மேடுபள்ளம். ஒவ்வொன்றிலும் காற்று முட்டும். அதை வழவழப்பாக்கத்தான் அந்தக் கவர். சேறும் உள்ளே போகாது. கிளிப் போயிருந்தால் புதுக் கிளிப் போடுங்கள். அவசரத்துக்குக் கேபிள் டை போட்டும் ஓடலாம். சைலன்சர் பக்கம் மட்டும் பிளாஸ்ரிக் டை வேண்டாம், சூட்டில் உருகிவிடும், கம்பியால் கட்டுங்கள்.

கேள்வி: மகன் வாகன்ஆர் காருக்குப் பெரிய ஸ்பொயிலர் (பின்பக்கம் பூட்டுகிற தட்டு) கேட்கிறான். பெற்றோல் மிஞ்சுமாம்.
– ஓர்ஸ்ஹில் வாசகர்

பதில்: பாண் பெட்டி போல் நிமிர்ந்து நிற்கிற கார் அது. ஆட்கள் வாங்குவதே அந்த உயரத்துக்கும் உள்ளே இருக்கிற இடத்துக்கும்தானே. கடையில் விற்கிற அலங்கார ஸ்பொயிலர் காற்றுத் தடையைக் கூட்டினாலும் கூட்டும். சும்மா மாட்டி வைத்திருக்கிற ரூஃப் றாக்கைக் கழற்றுங்கள், ரயருக்குக் காற்றுப் பாருங்கள். பிள்ளை கேட்க மாட்டான் என்றால் கூட்டி வாருங்கள், நானே பூட்டித் தருகிறேன். பெற்றோல் கணக்கை மட்டும் என்னிடம் கேட்கக் கூடாது.